அலமாரிக்குப் போகாத சைக்கிள் சீட்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அமலி அக்காவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அது "கிளம்பியாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். நம் சைக்கிள் குரூப்பில் யாரும் அதைப் படிப்பதுகூட இல்லை. கட்டைவிரல் படத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டு சாக்ஸ் தேடப் போய்விடுவோம். அன்றும் செய்தி வந்தது, வழக்கம்போலக் கட்டைவிரல்கள் விழுந்தன. அதற்குப் பிறகுதான் யாரோ ஒருவர் படித்துப் பார்த்தார். "அமலி ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டாள். அனைவரும் வரவும். ஜெரால்டு." அவருடைய கணவர் அனுப்பியது. கட்டைவிரல் காட்டியவர்களில் நானும் உண்டு. அவசரமாக அழித்தேன்.

அக்காவைத் தெரியாதவர்கள் திண்டுக்கல்லில் குறைவு. நாகல் நகரில் என் மருந்துக்கடைக்கு எதிர் வரிசையில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தார். பிள்ளைகளெல்லாம் வெளியூர் போன பிறகு, முட்டிவலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு சைக்கிள் ஏறினார். சைக்கிள் ஏறியவர் சும்மா இருந்திருக்கலாம், நம் குரூப்பில் சேர்ந்தார். அங்கே பிடித்தது சனி.

நம் குரூப்பின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் புது விளக்கு வாங்கிப் படம் போடுவார். "வேற லெவல் அண்ணே" என்று நாலு பேர் எழுதுவார்கள். சாயங்காலத்துக்குள் அந்த நாலு பேரும் அதையே வாங்கியிருப்பார்கள். தாடிக்கொம்புவரை போய் இட்லி தின்றுவிட்டு வருகிறவனுக்கு இமயமலை ஏறுகிறவன் போடும் சட்டை எதற்கு? யாரும் கேட்டதில்லை. அக்காவும் கேட்காமல் வாங்கினார். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ வாங்கி, தாடிக்கொம்பு கோயிலுக்கு முன்னால் நின்ற இடத்திலேயே, காலை விடுவிக்கத் தெரியாமல், மெதுவாகச் சாய்ந்து விழுந்தார். தூக்கிவிடப் போன என்னிடம், "இதப் போட்டா நீங்களும் சைக்கிளும் ஒண்ணாயிருவீங்கன்னாங்க தம்பி. விழறதுலதான் ஒண்ணாயிருக்கோம்" என்றார்.

நாமாக இருந்தால் அந்த ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குரூப்பில் "சூப்பர்" என்று எழுதியிருப்போம். அக்கா அப்படிச் செய்யவில்லை. தனக்கு ஒத்துவராத எல்லாவற்றையும், ஷூ, கையுறை, கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் கட்டும் மீட்டர் என்று அத்தனையையும், துடைத்து ஒரு மர அலமாரியில் அடுக்கினார். யாருக்காவது வாங்கும் அரிப்பு வந்தால் உடனே எழுதுவார்: "வாங்காதீங்க. நம்ம அலமாரில இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க." ஒரே ஒரு நிபந்தனைதான். அதைப் போட்டுக்கொண்டு நத்தம் போய்த் திரும்ப வேண்டும். திரும்பியதும் எப்படி இருந்தது என்று குரூப்பில் உண்மையை எழுத வேண்டும்.

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் கருப்பையா அந்த ஷூவை இரவல் வாங்கிப் போனவர், "அக்கா, ஷூவுல குத்தமில்ல. தோப்புக்குள்ள இறங்குனா வழுக்குது. நமக்கு ஆகாது" என்று எழுதினார். அதோடு அந்த ஷூவின் மேல் இருந்த மோகம் குரூப்புக்கே தெளிந்தது. அக்கா சொல்வார்: "ஒருத்தர் வாங்குனா ஆசைங்கிறோம். நாலு பேரு வாங்கிட்டா தேவைன்னு சொல்லிக்கிறோம்." எத்தனை வீட்டில் எத்தனை மனைவிமார் அக்காவை வாழ்த்தினார்களோ, என் வீட்டில் வாழ்த்தினார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொருளில் மட்டும் உண்மை எழுதவில்லை. கல்யாண நாளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று ஜெரால்டு சார் ஒருமுறை கடைக்கு வந்து என்னிடம் கேட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர். "குரூப்ல இப்ப எத எல்லாரும் நல்லாருக்குங்கிறாங்க?" என்றார். அப்போது நடுவில் ஓட்டை விட்ட, கட்டைமாதிரி கெட்டியான, ஒல்லியான பந்தய சீட் ஒன்று எல்லோர் வாயிலும் இருந்தது. சொன்னேன், வாங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு நத்தம் சாலையில் அக்கா பாதி தூரம் பெடல்மேல் எழுந்து நின்றபடியே வந்தார். "என்னக்கா, உக்காரலையா?" என்றேன்.

"செத்த நேரம் காத்து வாங்குறேன்."

"அக்கா, சீட்டா?"

"வாய மூடிட்டு வாங்க தம்பி. அது அலமாரிக்குப் போகாது. அம்புட்டுதான்."

குரூப்பில் அன்று மாலை, "ரொம்ப நல்லாருக்கு" என்று எழுதினார். கடைசிவரை அந்த சீட்டைக் கழற்றவில்லை.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து நாமெல்லாம் சார் வீட்டுக்குப் போனோமே, அன்று நடந்ததைப் பின்னால் நின்றவர்கள் சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். சார் அலமாரியைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க. எல்லாம் அவ ஆசையா வாங்குனது. இதுல அவளுக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு மட்டும் சொல்லுங்க. அது சும்மா கெடக்கக் கூடாது, யாராவது போட்டு ஓட்டணும்."

கருப்பையா தரையைப் பார்த்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அலமாரி நிறைய இருந்தவை முழுக்க அக்காவுக்குப் பிடிக்காதவை. மனைவியைப் பறிகொடுத்த மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது?

"இதுல இல்ல சார்" என்றேன். "அவங்க சைக்கிள்ல இருக்கே, நீங்க வாங்கிக் குடுத்த சீட். அதுதான் பிடிச்சது."

அவர் உள்ளே போய் ஸ்பானரோடு வந்தார். "நீங்க சொல்லித்தான வாங்குனேன். நீங்களே எடுத்துக்கங்க. நத்தம் போயிட்டு வந்து எப்படின்னு குரூப்ல போடுங்க. அவ போன் என்கிட்டதான் இருக்கு."

போய் வந்தேன். சாலையோரப் புளியமர நிழலெல்லாம் எனக்கு ஆறுதல் தரவில்லை. நத்தம் எல்லையைத் தொடும் முன்பே, அக்கா எழுந்து நின்ற அதே மாதிரி நானும் எழுந்து நின்றேன். இந்த வலியோடா அந்த மனுஷி இத்தனை காலம் நமக்கு முன்னால் ஓட்டிப் போனார் என்று நினைத்து, நடுரோட்டில் வெட்கமில்லாமல் அழுதேன். வீட்டுக்கு வந்து எழுதினேன்: "ரொம்ப நல்லாருக்கு சார்."

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் எண்ணிலிருந்து எனக்கு மட்டும் பதில் வந்தது. "அவளும் இதத்தான் எழுதினா. தெரு திரும்புனதும் எந்திரிச்சு நின்னு ஓட்டுவா. மாடில நின்னு பாத்திருக்கேன். கேட்டா சங்கடப்படுவான்னு விட்டுட்டேன்."

இதை இங்கே எழுதலாமா என்று சாரிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றார். அலமாரி இப்போது என் மருந்துக்கடையின் பின்னறையில் இருக்கிறது. யாருக்கு எது வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், நிபந்தனை அதேதான். அந்த சீட்டை மட்டும் கேட்காதீர்கள். அது என் சைக்கிளில் இருக்கிறது.