தன் கருமாதிக்குப் போன பவுலின்

மர்பி டவுனில் பவுலின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "செத்துப்போன அக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், தெருவே எழுந்து வந்து வழி காட்டும். அந்த வீட்டில் செத்துப்போன அக்காக்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார்கள். லேஸ் பின்னி விற்கிறார்கள், காலைப் பூசைக்குப் போகிறார்கள், குழாயடியில் யாராவது முந்தினால் குடத்தைப் பிடுங்கி ஓரமாக வைக்கிறார்கள். இந்தக் கதையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? பவுலினுக்கு நடந்த கருமாதியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்தவள் நான்!

அப்போது நாங்கள் பக்கத்துப் பேட்டையான அல்சூரில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கும் கஸ்தூரிரங்கன் வீட்டுக்கும் பின்கட்டில் ஒரே சுவர். நாங்கள் சேசுநாதரைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், அவர்கள் நாமம் போடுகிறவர்கள். அதை வைத்து ஒருநாளும் சண்டை வந்ததில்லை. பவுலின் அன்றைக்கு அலர்மேல்மங்கை, கஸ்தூரிரங்கனின் தங்கை. கல்யாணமான சூட்டோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டாமே என்று அண்ணன்காரனே அவளைக் கன்னியாஸ்திரி மடத்துத் தையல் வகுப்பில் சேர்த்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். அதை நினைத்து மகராசன் பிறகு எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டானோ!

வேதத்துக்கு வா என்று மடத்தில் யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தையல் அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. சிலுவையில் சேசுநாதர், கீழே அவருடைய தாயார். பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த, மடத்திலேயே தங்கியிருந்த பிரிஜெட்டிடம் அவள் கேட்டாளாம்: "இவரோட சிநேகிதங்கல்லாம் எங்கே?"

"ஒருத்தரைத் தவிர எல்லாரும் ஓடிட்டாங்க."

"அம்மா நிக்கிறாங்களே?"

"அம்மா ஓடல."

அந்தப் படம் அவள் மனசைப் பிடித்துக்கொண்டது. புருஷன் போன பிறகு அவளுடைய தோழிகளும் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போயிருந்தார்கள். பெற்றவள் ஆண்டாளம்மாள் மட்டும்தான் ராத்திரி பாயைக் கொண்டுவந்து மகள் பக்கத்தில் போட்டவள். கைவிடப்பட்டு நின்ற அந்தச் சாமி தனக்கு வேண்டியவர் என்று அலர்மேலுக்குத் தோன்றிவிட்டது. கேட்டாள், படித்தாள், கடைசியில் ஞானஸ்நானம் வேண்டும் என்று வீட்டிலேயே வாய்விட்டுச் சொன்னாள்.

கஸ்தூரிரங்கன் குதித்த குதியில் எங்கள் வீட்டு ஓடு அதிர்ந்தது. "தலையில தண்ணி ஊத்திக்கிட்டு வந்தே, எனக்குத் தங்கச்சியே கெடையாது. கருமாதி பண்ணிடுவேன்!" என்றான். சும்மா மிரட்டுகிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் போய் ஞானஸ்நானம் வாங்கிப் பவுலின் ஆனாள். திரும்பி வந்தபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மடத்துக்கே போய்விட்டாள்.

கதவைச் சாத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஆனால் கருமாதிக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஆடிப்போனாள். கருமாதி முடிந்துவிட்டால் பெற்றவள் அவள் பேரைச் சொல்லக் கூடாது, முகத்தில் விழிக்கக் கூடாது. அம்மாவே இல்லை என்று ஆகிவிடும். "நான் திரும்பிப் போயிடறேன் பிரிஜெட். எல்லாத்தையும் விட்டுடறேன். எனக்கு எங்கம்மா வேணும்" என்று தேம்பினாள்.

பிரிஜெட் அப்போதுதான் தன் கதையைச் சொன்னாள். அவள் பழைய பெயர் ரமா, பிளாக்பள்ளி என்கிற பேட்டைக்காரி. "எங்கப்பாவும் எனக்குக் கருமாதி பண்ணாரு. நான் இங்கேயே கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டு இருந்தேன். எதிர்ல போய் நின்னிருந்தா அவரால எனக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிருக்க முடியுமான்னு இன்னைக்கும் நெனைக்கிறேன். அன்னைக்கு எனக்குத் துணைக்கு ஆளில்ல. ஒனக்கு நான் இருக்கேன். மொகத்தைக் கழுவு, போகலாம்."

"எங்கே?"

"ஒன் கருமாதிக்கு!"

இந்தப் பேச்சையெல்லாம் பிரிஜெட் வாயாலேயே பிறகு கேட்டேன்.

இங்கே கஸ்தூரிரங்கன் என்ன செய்தான் தெரியுமா? செய்வதை முறைப்படி செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதுதானே முறை? "அவளுக்குப் பிடிச்சதைச் செய்யும்மா" என்று அம்மாவிடமே சொன்னான். அங்கேதான் கோட்டைவிட்டான்!

அது அவரைக்காய் காலம். அலர்மேலுக்குப் பிதுக்குப்பருப்புக் குழம்பு என்றால் உயிர். ஊறப்போட்ட அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. முந்தின நாள் சாயங்காலம் ஆண்டாளம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. திடீரென்று தலையைத் தூக்கி, "ஏம்மா, படைச்ச சோத்தை ஒங்காளுங்க தின்ன மாட்டாங்களாமே, நெசமா?" என்று சுவர் வழியாக என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி பிதுக்க ஆரம்பித்தாள். எதற்குக் கேட்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் பின்கட்டில் உறவுக்கூட்டம். எனக்கு இடுப்பில் கைக்குழந்தை. துவைக்கிற கல்மேல் ஏறி நின்றேன். இலை போட்டாகிவிட்டது, சுவர்மேல் காக்காய்க்குச் சோறும் வைத்தாகிவிட்டது. "கா, கா" என்று எல்லாரும் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். தினமும் என் வடகத்தைத் திருடுகிற காக்காய் ஒன்றுகூட வரவில்லை. பின்வாசல் கதவு திறந்தது. பவுலினும் பிரிஜெட்டும் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்!

ஒரு பெரியவர் "ஐயையோ!" என்று பக்கத்தில் இருந்தவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். புரோகிதர் கையிலிருந்த சொம்பு உருண்டது. பட்டப்பகலில் பேயாட்டம் வந்து நின்றால் யாருக்குத்தான் உதறாது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கஸ்தூரிரங்கன் அடுப்பங்கரை வாசலில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்துவிட்டான். "செத்தவளுக்கு இங்கே என்னடி வேலை?"

பிரிஜெட் பவுலின் கையை இன்னும் இறுக்கினாள். "அண்ணா, நான் சாகல. ஒன்மேல எனக்குக் கோவமும் இல்ல. ஆனா சேசுநாதரை விடமாட்டேன். அம்மாவையும் விடமாட்டேன்" என்றாள் பவுலின்.

அவன் கட்டையை ஓங்கினான். பிரிஜெட் சட்டென்று நடுவில் வந்து நின்றாள். "என்னை அடிங்கண்ணா. எனக்குத்தான் ஏற்கனவே கருமாதி ஆயிடுச்சே!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் ஆண்டாளம்மாள் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். கையில் சோற்றுக் கிண்ணம், மேலே குழம்பு. படையல் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தாண்டி நேராக மகளிடம் போனாள். "இது படைக்காததுடி. சட்டியிலேருந்து நேரா எடுத்தது. ஒக்காந்து தின்னு" என்றாள். மகன் பக்கம் திரும்பி, "கட்டையைக் கீழே போடுடா ரங்கா. செத்தவளுக்குப் பசிக்காது. இவ மொகத்தைப் பாரு" என்றாள்.

அவன் கட்டையை எறிந்துவிட்டு வாசல் வழியாகப் போய்விட்டான். மனசு மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். அம்மா கண்ணை மூடுகிறவரை தங்கையை அவன் முன்வாசல் வழியாக விட்டதே இல்லை. பவுலினும் பின்வாசல் போதும் என்று வந்து போய்க்கொண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட அங்கே பெற்றவள் இருந்தாள், அவளுக்கு அது போதும்.

அன்றைக்கு உறவுக்கூட்டம் ஒவ்வொன்றாக நழுவியது. பவுலின் படியில் உட்கார்ந்து, கண்ணீரும் குழம்புமாகத் தின்றாள். பிரிஜெட் என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக நின்றாள். ஆண்டாளம்மாள் இன்னொரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

"ஒனக்கு ஒங்க வீட்ல என்னம்மா படைச்சாங்க?"

"தெரியலம்மா. நான் போகல."

"சரி, இதைத் தின்னு" என்று பவுலின் பக்கத்தில் அவளுக்கும் இடம் காட்டினாள்.