நாற்பது கோழிக்கு உண்டான மருந்து

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன். நடுவில் மறந்தும் போகும். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் இப்போது இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சீக்குப் பேச்சுதான். மோகனூர் பஸ்ஸில் ஒரு நாள் இப்படித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அப்பல்லாம் சளி புடிச்சா மூணு நாள்ல தானாப் போயிருமுங்க. இப்பப் பாருங்க, மாசத்துக்கு ஒருக்கா ஊசி."

"எல்லாம் இந்தப் பாக்கெட் பாலுதானுங்க."

"பாலென்ன பாலு, அரிசியச் சொல்லுங்க. மருந்தடிக்காத அரிசி எங்க இருக்குது?"

"அட, நம்ம புள்ளைங்க திங்கற கோழியச் சொல்லுங்க மொதல்ல."

கண்டக்டர் பின்னாலிருந்து, "சீக்காளியெல்லாம் உள்ள போங்க, நல்லா இருக்கறவங்க படிக்கட்டுல நின்னுக்குவாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஒரு காரணம் தெரியும். ஊருக்கெல்லாம் அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு அதுதான்.

நானும் என் வீட்டுக்காரரும் முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். பண்ணைக்குள்ளேயே வரிசையாக எட்டு வீடு, அதில் ஒன்றில் குடியிருக்கிறோம். இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் முட்டை எடுப்பேன், கோழிக் கூண்டுகள் இருக்கிற செட்டைக் கூட்டுவேன். அவருக்குத் தீவனமும் தண்ணீரும். கோழிக்கு மருந்து என்றால் தண்ணீர் டேங்கில் கலந்துவிடுவதுதான். இத்தனை லிட்டருக்கு இத்தனை மில்லி என்று கோழி டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். அதை ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளக்கிறவர் என் வீட்டுக்காரர். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

கோழிக்குச் சளி பிடித்தால் செட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். கொக்கரிப்பு குறைந்துபோய், ஆயிரக்கணக்கான தொண்டையிலிருந்து கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கே மருந்து வந்துவிடும். மூன்று நாளோ ஐந்து நாளோ ஊற்றுவோம். சத்தம் அடங்கிவிடும். பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிஞ்சும்.

ஒரு ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தது. நாமக்கல் போய் டாக்டரைப் பார்த்து வர ஒரு பகல் வேண்டும். செட்டில் மருந்து ஓடிக்கொண்டிருந்த நேரம், அளக்க வேறு ஆள் இல்லை. சாயங்காலம் மிச்ச பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார்.

"அத்தன கோழி எந்திரிச்சு நிக்குது. நான் ஒருத்தன் எந்திரிக்க மாட்டனா?" என்றார்.

"ஏனுங்க, அது கோழிக்கு உண்டான மருந்துங்க."

"சளி கோழிக்குன்னா என்ன, மனுசனுக்குன்னா என்ன புள்ள? சளி சளிதான்."

அளவு பார்க்காமல் குடிக்கிற ஆள் இல்லை அவர். ஆயிரம் கோழிக்கு இத்தனை மில்லி என்பது தெரியும். ஒரு கோழி ஒன்றரைக் கிலோ. அவர் அறுபது கிலோ. தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப நான் நாப்பது கோழி" என்றார்.

"நாப்பது கோழின்னா தெனமும் முப்பத்தாறு முட்டையாச்சும் வெக்கோணுமுங்க" என்றேன். வீட்டுக்குள் எனக்கு இப்படியெல்லாம் பேச வரும்.

கணக்குக்குப் பாட்டில் மூடியால் அரை மூடி வந்தது. வரக்காப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது என்றார். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்கு மேல் எதற்கு என்று அன்றோடு நிறுத்திவிட்டோம்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, எதற்கும் அதுதான். பச்சை மூடி பாட்டிலை அலமாரிக்கு மேலே நான்தான் வைத்திருப்பேன். எட்டு வீட்டுக்காரர்களும் வந்து கேட்பார்கள். "அக்கா, எனக்கு முப்பது கோழிக்குக் குடுங்க" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகளுக்குப் பத்துக் கோழி. எடை தெரியாதவர்களைத் தீவன மூட்டை நிறுக்கிற மிஷினில் ஏறச் சொல்வோம். நல்லாகிவிட்டால் அன்றோடு விட்டுவிட வேண்டும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லுவேன். மிச்சம் பிடிப்பதாக நினைப்பு எனக்கு.

இங்கிலீஷ் மாத்திரையையே தொடாத ஆட்கள் நாங்கள் என்று அவர் வெளியில் பேசுவார். அது பொய் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

நாலைந்து வருசமாகத்தான் மாறிப்போனது. ஒரு தடவைக்குப் போன காய்ச்சல் மூன்று தடவைக்கும் போகவில்லை. போனாலும் அடுத்த மாதம் வந்துவிடும். அவருக்கு நீர்க்கடுப்பு விட்டுவிட்டு வந்தது. நான் அரை மூடியை முக்கால் மூடியாக்கினேன். வரிசையில் மற்ற வீடுகளிலும் இதே கதைதான். புது போர்வெல் தண்ணீர் உடம்புக்குச் சேரவில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆமாம், தண்ணீர்தான் என்று நானும் தலையாட்டினேன்.

போன வருசம் மாசி மாதம் அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கட்டிலோடு சேர்ந்து ஆடினார். நீர் ரத்தமாகப் போனது. முக்கால் மூடி கொடுத்தேன், மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் என்னையே யார் என்று கேட்டார். பண்ணை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கையைப் பிடித்துப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்றாள். குளுக்கோஸ் ஏறிக் கொஞ்சம் தெளிவு வந்ததும் அவரிடமே கேட்டாள்.

"ஐயா, இதுக்கு முன்னாடி கிருமிக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? மெடிக்கல்ல வாங்கி?"

"இல்லீங்கம்மா. மாத்திரையவே தொடறதில்லீங்க."

"அம்மா, நீங்க சொல்லுங்க. ஞாபகம் இருக்கா?"

வார்டில் இருபது கட்டில், அதைச் சுற்றி ஐம்பது பேர். "தெரியலீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கோழி மருந்து குடிக்கிற ஆட்கள் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம் ஒன்று. பண்ணைக்காரருக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் ஒன்று. இவரே இல்லை என்று சொன்ன பிறகு நான் எப்படி ஆமாம் என்பது, அதுவும் ஒன்று.

ஊசி போட்டார்கள். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. நீரை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள், அதில் கிருமி வளர்ந்து முடிவு வர நாளாகும் என்றார்கள். மூன்றாம் நாள் காலை உதட்டில் துணி நனைத்து வைத்தால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லை அவருக்கு. டாக்டர் நின்று கேஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் வாய் திறக்க முடிந்திருந்தால் அப்போதே திறந்திருப்பேன்.

அவள் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, மருந்துப் பெட்டி ஒன்றைப் பிரித்து அதன் உள்பக்கம் எழுதினேன். பேனா நர்ஸிடம் வாங்கினேன். "டாக்டரம்மா, இவர் கோழி மருந்து குடிப்பார். பல வருசமாக. நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது." டாக்டர் வராந்தாவுக்கு வரும் வரை நின்றிருந்து கையில் கொடுத்தேன்.

படித்துவிட்டு என்னைத் திரும்பக் கட்டிலுக்குக் கூட்டி வந்தாள்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு குடுப்பீங்கம்மா?"

"நாப்பது கோழிக்கு உண்டானதுங்க."

அவளுக்குப் புரியவில்லை. ஒன்றரைக் கிலோவும் அறுபது கிலோவும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவர், "அப்ப நானெல்லாம் அம்பது கோழிங்க டாக்டர்" என்றார். அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, "மருந்து பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

இத்தனை வருசமாகக் கையில் பிடித்த பாட்டிலின் பேர் எனக்குத் தெரியாது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"அம்மிணி, எங்கூட்டு அலமாரிக்கு மேல பச்ச மூடி பாட்டில் இருக்குது. எழுத்து தெரியற மாதிரி போட்டோ புடிச்சு அனுப்பு."

"ஏனுங்க்கா, மாமனுக்கு ஊத்தோணுமா? பாட்டிலோட கொண்டாரட்டுமா?"

"வேண்டாம் சாமி. டாக்டரு பேரு கேக்கறாங்க. இதக் குடிச்சுக் குடிச்சுத்தான் ஊசி கேக்கலையாட்டம் இருக்குது."

"பாப்பாவுக்கும் குடுத்தமேக்கா" என்றாள்.

படம் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "நான் போட்ட ஊசி இதுக்குத் தம்பி மாதிரிம்மா. அண்ணன்கிட்டயே பழகிப்போன கிருமி தம்பிக்கா பயப்படும்?" என்றாள். அன்றைக்கே வேறு ஊசி மாற்றினார்கள். மறுநாள் வந்த பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. அதற்கு மறுநாள் சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் விட்டு வேர்த்தது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நான் துடைத்துவிட்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

ஊருக்கே இப்படி அடிக்கடி சீக்கு வருவது இதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். தனியாக இருந்ததால் கேட்க முடிந்தது.

"எல்லாத்துக்கும் இதுதான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா வந்த சீக்கு போகாம நிக்கறதுக்கு இது ஒரு காரணம். அரைகுறையா மருந்து குடிச்சா சாகாத கிருமி கத்துக்கும்" என்றாள்.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. பண்ணையில் கோழி டாக்டர் இதையே சொல்லி நான் முன்னமே கேட்டிருக்கிறேன். "இந்த மருந்து இப்பக் கோழிக்குக் கேக்கறதில்ல, மாத்திப்புடலாம்" என்று பண்ணைக்காரரிடம் சொன்னார். கூடையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இனிமேல் வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிய பச்சை மூடி பாட்டிலைத்தான், முழுசாகக் கிடைத்ததே என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். கோழிக்குக் கேட்காதது மனுசனுக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்பத்தெட்டு கிலோ. தீவன மிஷினில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "எட்டுக் கோழி செத்துப்போச்சு புள்ள" என்றார். இப்போது அளக்கிற வேலை வேறு ஆளிடம் போய்விட்டது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து அளவு சரியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பாட்டிலை நான் எடுத்துப் பண்ணைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். அவர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. இனிமேல் மிச்ச மருந்தைப் பூட்டி வைக்கச் சொன்னார். வரிசை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி, "உங்கூட்டுக்காரருக்கு இத்தன வருசமாக் குடுத்துப்போட்டு, எங்களுக்கு மட்டும் இப்ப வேண்டாங்கறீங்களா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தபோது மூவரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொடுத்த மாத்திரையை ஐந்து நாளும் தவறாமல் போடச் சொன்னார்கள். மூன்றாம் நாளே நல்லாகிவிட்டாள். மீதி இரண்டு நாளும் நானே போய் எதிரில் நின்று விழுங்க வைத்தேன்.

அவருக்கு மறுபடியும் காய்ச்சல் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். வந்தால் அந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்து இன்னும் ஒன்றிரண்டுதான் மிச்சமாம். அதனால் எந்தெந்த வருசம், எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்தவரை எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். "வாயால சொல்ல வேண்டாம்மா, எழுதியே குடுங்க" என்றாள். ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தவள் இவ்வளவு எழுதிவிட்டேன். அதில் சரியாக நினைவிருப்பது கொஞ்சம்தான். பச்சை மூடி பாட்டிலுக்கு நடுவில் மஞ்சள் பொடி ஒன்றும் கலக்கிக் கொடுத்தோம், அது எந்த வருசம் என்று தெரியவில்லை. நீர்க்கடுப்புக்கு அவருக்கு ஆறு தடவை கொடுத்தேன் என்று நினைக்கிறேன், எட்டாகவும் இருக்கலாம். ஒரிசாவிலிருந்து வந்து மூன்றாம் வீட்டில் இருந்த குடும்பத்துக்கும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கே போனார்களோ தெரியாது. அந்த வரிசையில் எங்களோடு குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வருசமும் அளவும் சரிதானா என்று பார்த்துத் தப்பை அடித்து எழுதிக் கொடுங்கள். மருந்து விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பொடி என்னவாக இருக்கும் என்று சொன்னால் நல்லது. வருகிற புதன்கிழமை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.