என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள். எட்டாவது தாண்டாத என்னைத் தேனாம்பேட்டையே 'சார்' என்கிறது. தேனாம்பேட்டை என்றால் மூன்று பேர்.

லாரியில் இமயமலை வரை ஏறி, ஒற்றைக் கையால் ரிவர்ஸ் எடுத்தவன் நான். கற்றுக்கொடுப்பது எனக்கு ஒரு விஷயமா?

இன்று காலை விஜயா மேடம் அபிராமபுரம் முழுக்க அழகாக ஓட்டினார். நாளை அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"எல்லாம் நம்ம டிரெயினிங் மேடம்" என்றேன்.

மேடம் வண்டியை ஓரங்கட்டினார். "சார், உங்க கால் எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தேன். வாத்தியார் பக்கம் வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது.

"இத்தனை நாளா பிரேக் போட்டது நீங்கதான். நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுண்டு உக்காந்திருந்தேன். நாளைக்குப் பக்கத்துல நீங்க இருக்க மாட்டேளே."

"பழக்கம் மேடம், இன்னா பண்றது" என்று சொல்லி, இரண்டு காலையும் தூக்கி சீட்டிலேயே சம்மணம் போட்டேன்.

அடுத்த திருப்பத்தில் தண்ணீர் லாரி. சம்மணத்தைக் கலைக்காமல் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டேன். மேடமே பிரேக் போட்டார். லாரிக்கும் எங்களுக்கும் ஒரு விரல்தான் இடைவெளி. சரி, ஒரு ஆள் நீளம்.

"இனிமே தனியாவே ஓட்டிடுவேன் சார்" என்று சிரித்தார். இன்றுதான் நான் வாத்தியார் ஆனேன்.

வீட்டுக்கு வந்து டிவி போட்டேன். அதில் கார் வரும்போதெல்லாம் என் கால் தரையை அழுத்துகிறது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, "காலை எடுய்யா" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

கமெண்டிலாவது யாராவது சொல்லுங்கள்.