நான் சேர்த்த ஒரு வரி

ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குக் காலையில் காரில் போக முக்கால் மணி நேரம் ஆகும். பால்பண்ணை தாண்டுகிற இடத்தில் நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். அந்த நேரம் முழுக்க நானும் என் நண்பனும் சண்டை போட்டுக்கொண்டே போவோம். இருவரும் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறோம். நான் வரைபடம் போடுபவன். அவன் தரம் பார்ப்பவன். கார் அவனுடையது. திருவானைக்காவலிலிருந்து கிளம்பி வந்து என்னை ஏற்றிக்கொள்வான்.

எங்களுடைய நிரந்தரச் சண்டை இரண்டு. ஒன்று, தஞ்சாவூர் ரோட்டில் எந்தக் கடையில் டிபன் நல்லா இருக்கும் என்பது. அவனுக்குத் திருவெறும்பூர் பஸ் ஸ்டாப் பக்கத்திலிருக்கும் பொங்கல் கடை. எனக்கு அதைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு இடியாப்பக் கடை. "கடைச் சாப்பாடுன்னா பசிக்கறவன் சாப்பிடணும். உன்ன மாதிரி ஆராய்ச்சி பண்றவனுக்கு எதுக்குடா கடை?" என்பான். ஆனாலும் வாரத்தில் மூன்று நாளாவது என் கடையில் நிறுத்துவான். அங்கே கிடைத்த தேங்காய்ச் சம்பல் வேறு எங்கும் கிடைக்காது என்பதை அவன் வாயால் ஒப்புக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது சண்டை, போர். உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் அதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலிருந்து ஒரு ஜோடி கண்டுபிடித்துச் சொல்வது என் பழக்கம். எனக்குச் சரித்திரம் படிக்கப் பிடிக்கும். திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள் வந்து, கோயில் மதில்களுக்குள் முகாம் போட்டு, கடைசியில் தாங்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பீரங்கி எத்தனை, எந்தப் பக்கம் ஆற்றைக் கடந்தார்கள் எல்லாம் மனப்பாடம்.

அந்த வாரம் முழுக்க காஸாவைப் பற்றித்தான் செய்தி. ஊரை விட்டுத் தெற்கே போகச் சொல்லி வானத்திலிருந்து துண்டுச் சீட்டு போடுகிறார்கள், ஜனங்கள் நடந்து போகிறார்கள், பலர் போக மறுக்கிறார்கள் என்று போனில் பார்த்தபடியே இடியாப்பக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

"போகச் சொன்னதுக்கப்புறமும் போகாம இருக்கறது பிடிவாதம்தாண்டா" என்றேன் நான். "முற்றுகைன்னா அதுதான் விதி. நம்ம ஊருலயும் வெவரமானவங்க முன்னாடியே கிளம்பிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"எங்கயோ போயிருப்பாங்க. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்."

"உனக்குத் தெரியுமா, இல்ல அடிச்சு விடுறியா? பீரங்கிக் கணக்கெல்லாம் சொல்றியே, கோயிலச் சுத்தி இருந்த ஜனம் எங்க போச்சுன்னு உன் புஸ்தகத்துல இருக்கா?"

இல்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்குப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்து மேசைக்காரர் வேறு சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்போதுதான் தட்டை வைத்துக்கொண்டு வந்த அந்த அம்மாவைப் பார்த்தேன்.

கடைக்காரர் வேறொருவர். இந்த அம்மா அங்கே இடியாப்பம் பிழிந்து பரிமாறும் வேலை பார்த்தார். ஐம்பதை நெருங்கிய வயது. இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருப்பவர் என்று கடைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். எங்களோடு பேசும்போது திருச்சித் தமிழ்தான் பேசுவார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நீங்க பார்த்தவங்க. கிளம்புன்னா கிளம்பிடணுமா இல்லையா? நீங்க கிளம்பித்தானே வந்தீங்க, அதான உயிரோட இருக்கீங்க?" என்றேன்.

நண்பன் என் முழங்காலைத் தட்டினான். நான் கண்டுகொள்ளவில்லை.

அவர் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தபோது அது வேறு தமிழாக இருந்தது.

"யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளில வெளிக்கிட்டது சார். ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டு போனாங்கள். மழை. எல்லாச் சனத்துக்கும் ஒரு ரோட்டும் ஒரு பாலமும்தான். எங்களிட்ட ஒரு சைக்கிள். அம்மாவுக்கு மூச்சு வருத்தம், அவவைச் சைக்கிளில இருத்தினம். அப்பாவுக்குக் கால் ஏலாது. அவரை ஆர் தூக்கிறது? கதிரையில இருத்தி, பக்கத்தில தண்ணியும் பாணும் வைச்சிட்டு நடந்தனாங்கள். நாலு நாளில திரும்பி வருவியள் எண்டு அவர்தான் சொன்னவர்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. அடுத்த வருசம் படகில இங்க வந்திட்டம். அவர் எப்ப செத்தவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் கிளம்பினனாங்கள்தான். நீங்கள் சொன்ன மாதிரி உயிரோட இருக்கிறன்." பிறகு, முகம் மாறாமலே, பழைய குரலுக்குத் திரும்பினார். "இன்னும் சம்பல் வேணுமா சார்?"

வேலைக்குப் போகிற வழியில் தனியாக விடப்பட்ட அந்த அப்பாவின் நினைப்பு எனக்கு இருந்தது. ஆனால் அது மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். இதை எப்படி ஆரம்பித்து எப்படி எழுதலாம் என்று உள்ளே வாக்கியங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. நாற்காலிக்குக் கதிரை, ரொட்டிக்குப் பாண் என்ற அந்த வார்த்தைகளை மறந்துவிடக் கூடாதென்று வரைபடத் தாளின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

திருச்சிச் சாப்பாட்டுக்கென்றே ஒரு இணையக் குழு இருக்கிறது. எந்தக் கடை, எங்கே, என்ன விசேஷம் என்று அதில் எழுதுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எழுதி முடித்தேன். கடையின் படம், இருக்கும் இடம், இடியாப்பத்தின் மென்மை, பிறகு அந்தக் கதை. பெயர் போடவில்லை. அதையே பெரிய நாகரிகமாக நினைத்துக்கொண்டேன். முடிவு மட்டும் சப்பென்று இருந்தது போலத் தோன்றியது. அதனால் ஒரு வரி சேர்த்தேன். மகள் தெருமுனையில் திரும்பும்வரை அந்தத் தகப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையசைத்துக்கொண்டிருந்தார் என்று.

அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் எடுத்து எடுத்துப் பகிர்ந்தார்கள். அழுதுவிட்டேன் என்று எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் எழுதினார்கள். ஸ்ரீரங்கத்தில் காய் வாங்கும் இடத்தில் ஒருவர் என்னை நிறுத்திக் கையைக் குலுக்கினார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன்.

அடுத்த வாரம் கடையில் உட்கார இடமில்லை. கடைக்காரர் எனக்குக் கும்பிடு போட்டு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். செல்போனைக் கம்பில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் அடுப்புப் பக்கம் நின்று, "அக்கா, போர்ல எல்லாம் என்ன சாப்பிட்டீங்க? ஒரு நிமிஷம் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிழிந்துகொண்டிருந்தார். எங்கள் மேசைக்கு அன்று கடைக்காரர்தான் தட்டு கொண்டுவந்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டியா?" என்றான் நண்பன்.

"பேரு போடலையேடா."

"அத கேக்கல."

"கடைக்கு நல்லதுதானே நடக்குது" என்றேன். அவன் பாதி தட்டோடு எழுந்து கை கழுவப் போனான்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவர் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார் கடைக்காரர். அந்தச் சனிக்கிழமை நண்பன் லீவு. நான் மட்டும் பஸ்ஸில் போய் இறங்கியபோது, கடை வாசலில் தோள்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதிருக்கும். கடைக்காரர் என்னைக் கைகாட்ட, கிட்டே வந்தாள்.

"நீங்கதானே சார் எழுதினது? நான் அவங்க பொண்ணு."

அவள் பேச்சில் அவள் அம்மாவின் தமிழ் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"காலேஜ்ல என் ஃபிரெண்ட் அனுப்பினா. உங்கம்மா வேலை பாக்கற கடைதானேடி இதுன்னு. எங்கம்மா என்கிட்ட சொன்னது வேற சார். தாத்தா காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில செத்துட்டாருன்னுதான் சொல்லியிருந்தாங்க. இத படிச்சுட்டுக் கேட்டேன். வாயே திறக்கல. சமைக்கறாங்க, படுத்துக்கறாங்க. என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க."

நான் ஏதோ மன்னிப்பு மாதிரி சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

"உங்ககிட்ட வேற என்ன சொன்னாங்க சார்? நீங்க எழுதாம விட்டது ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்."

"இல்லம்மா. அவ்வளவுதான் சொன்னாங்க."

"தாத்தா கையசைச்சாரா?"

அவள் அதைக் கேட்டபோது முகத்தில் இருந்ததை நான் என்னவென்று சொல்வது? அவளுக்குத் தாத்தாவின் போட்டோகூடக் கிடையாது என்று பிற்பாடு தெரிந்தது. அவரைப் பற்றி அவளிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு அசைவுதான். அதை நான் என் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, முடிவு சப்பென்று இருக்கிறதே என்று சேர்த்திருந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். தேங்க்ஸ் சார் என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். எனக்கு அதற்குப் பிறகு அந்தக் கடையில் உட்காரக் கால் வரவில்லை. எழுதியதை அங்கேயே நின்று அழித்தேன். அழித்து என்ன? எடுத்துப் போட்டவர்கள் பக்கங்களில் அது இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அந்த அம்மா கடை வேலையை விட்டுவிட்டார் என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. துவாக்குடியில் மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்திருந்தார். இடத்தைக் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல கைக்காரியை இழந்துவிட்ட கோபம் அவருக்கு. மதிய இடைவேளையில் நடந்தே போனேன். பின்பக்கம் கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை.

"நான் செஞ்சது தப்புங்க" என்றேன். "உங்ககிட்ட கேட்காம எழுதினேன். அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. உங்கப்பா கையசைச்சாருன்னு நானா சேர்த்து எழுதினேன். உங்க பொண்ணு வந்து கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

அவர் நறுக்கிய துண்டுகளைப் பாத்திரத்துக்குள் தள்ளினார்.

"அவர் எங்களைப் பாக்கேல்ல" என்றார். "ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவர். அப்பா போறம் எண்டு நான் இரண்டு தரம் சொன்னன். நிமிரேல்ல. கோவமோ, நாங்கள் அழக் கூடாது எண்டோ தெரியாது. அதைத்தான் முப்பது வருசமா நான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

 

"மகள் என்னட்டயும் கேட்டவள். தாத்தா கையாட்டினவரோ எண்டு. நானும் ஓம் எண்டிட்டன்."

"நான் வேணும்னா உண்மையச் சொல்லிடறேங்க. பொய் எழுதினது நான்தானே."

"வேண்டாம்." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "நீங்கள் இனி ஒண்டும் சொல்ல வேண்டாம். அண்டைக்கு உங்களிட்ட ஏன் சொன்னன் தெரியுமோ? நீங்கள் விளையாட்டு மாதிரி கதைச்சுக்கொண்டிருந்தியள். உங்கட வாயை அடைக்கத்தான் சொன்னன். எழுதச் சொல்லேல்ல." பிறகு திருச்சித் தமிழுக்கு மாறிக்கொண்டார். அது எனக்கு அதட்டலைவிடக் கடுமையாக இருந்தது. "அரிசி கொதிக்குது சார். நீங்க போயிட்டு வாங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நண்பனிடம் எதையும் மறைக்காமல் சொன்னது அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான். வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ரேடியோவின் குமிழ் உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது கார் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு அது பொய்யின்னு என்னைக்காவது தெரியவருமா?" என்றான்.

"இப்ப அது என் கையில இல்லடா. அவங்க அம்மா முடிவு பண்ண வேண்டியது."

"நல்லா இருக்குடா நீ சொல்றது" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடியே. "கிளப்பி விட்டது நீ. இப்ப அவங்க முடிவாம்."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிக்னலில் வெகுநேரம் நின்றோம்.