விதைக் கூடையிலிருந்து வந்த கோலி

பறிமுதல் செய்யும் பொருள் எதுவானாலும் இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன அடையாளம் என்று மகஜர் எழுதி, சாட்சிகள் இருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பறிமுதல் செய்ததை உடனடியாக நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நூற்றி இரண்டாம் பிரிவு சொல்கிறது. உடனடியாக என்றால் உடனடியாகத்தான். வேறு விளக்கம் இருப்பதாக என் அரசு ஊழியக் காலம் முழுவதிலும் எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

என்னிடம் பறிமுதல் செய்தவை கண்ணாடிக் கோலிகள். நாற்பத்தொன்று. அவற்றில் நாற்பது என்னுடையவை. அவற்றுக்காக நான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுக்கமாட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. வெட்டுகிற மேஜையில் கறுப்புத் துணி விரித்து, அவரவர் கொண்டுவந்த பழைய கோலிகளைப் பரப்புவோம். தையல்காரர், திருக்கோவிலூர்ப் பக்கத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர், நான், கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் விற்க வருகிற ஒருவர் என நான்கு பேர். கையால் செய்த கோலிக்கு, கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். தொப்புள் என்போம். மெஷினில் செய்ததற்குத் தொப்புள் கிடையாது. தொப்புள் இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே அரை நாள் சண்டை போடுவோம். எங்களுக்குள் விலைக்கு வாங்குவது இல்லை, விற்பதும் இல்லை. ஒருவர் கோலியை இன்னொருவர் இரவல் வாங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத் திருப்பித் தரலாம்.

மலைக்காரரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பால் நீலத்தில் ஆரஞ்சு நூல் முறுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு பக்கமும் தொப்புள். அவர் அப்பாவுக்கு எப்படியோ கிடைத்தது. அவர்கள் வீட்டில் விதைச் சாமைக் கூடைக்குள் அது கிடக்கும். ஆடியில் விதைக்கிற அன்று முதலில் கோலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாமையை அளப்பார்கள். டீச்சரின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் கெஞ்சி வாங்கினேன்.

"அடுத்த ஆடிக்குள்ள வந்துடணும் சார்" என்றார்.

"எழுதித் தரட்டுமா?"

"எழுதிக் குடுத்தா மறந்துடுவீங்க. சும்மா சொல்லுங்க போதும்."

சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டுத் திரும்பிய வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்களில் சாலை மறியல். மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் முதல் மரத்தோடு நின்றுவிட்டது. பிஸ்கட் டப்பாவில் கோலிகளோடு நடந்தேன். மூன்றாவது மரம் ஒரு பெரிய புளியமரம். அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் டப்பாவைக் கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

"இன்னா சார், இந்தக் கனம் கனக்குது? நகையா?"

"கோலி."

"இந்த வயசுலயா? வூட்ல தெரியுமா?"

திறந்து காட்டினேன். ஒருவர் நீலக் கோலியைக் கண்ணருகே பிடித்து வெயிலைப் பார்த்தார். பிறகு டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, "பாத்துப் போங்க, அப்பால போலீஸ் கீது" என்றார். மறியல்காரர்கள் என்னிடம் நடந்துகொண்ட விதம் இவ்வளவுதான்.

அடுத்த வளைவில் ஜீப் நின்றது. எஸ்.ஐ. டப்பாவைத் திறந்தார்.

"உண்டிவில்லு எங்க?"

"இல்லை."

"அத எவன்கிட்ட குடுத்துட்டு வந்த? பஸ் கண்ணாடி ஒடைக்கத்தான இது?"

அடையாள அட்டையைக் காட்டினேன். 'வந்த' என்பது 'வந்தீங்க' ஆயிற்று. டப்பா மட்டும் திரும்பவில்லை. ரசீது வேண்டும் என்றேன். அதற்கு முன்பு யாரும் அவர்களிடம் ரசீது கேட்டதில்லை போலிருந்தது. ஏட்டு, ஜீப் பானெட்டின் மேல் ஒரு தாளை வைத்து எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ரசீது வாங்கிவிட்ட பெருமையில் நாலு மைல் நடந்த பிறகுதான் அதைப் படித்தேன். 'பிஸ்கட் டப்பா – 1' என்று இருந்தது. கோலி என்ற சொல்லே இல்லை. தாலுகா அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய மனுவை 'விவரம் போதாது' என்று திருப்பி அனுப்பியவன் நான். என் கையெழுத்து அதன் அடியில் அழகாக இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தக் காவல் நிலையத்துக்குப் போனேன். டப்பா ஏட்டு மேஜையிலேயே இருந்தது. உள்ளே குண்டூசியும் ரப்பர் ஸ்டாம்பும்.

"கோலிங்களா? ரசீதுல இல்லீங்களே சார். டப்பா வேணும்னா எடுத்துகினு போங்க."

"உள்ளே இருந்தது எங்கே?"

"குவார்ட்டர்ஸ் பசங்க யாராவது எடுத்திருப்பாங்க. கோலிதான சார், நான் வாங்கித் தரேன் பத்து."

நடுவருக்கு எந்த அறிக்கையும் போகவில்லை என்பதை நீதிமன்றத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேலதிகாரிக்கு மனு எழுதினேன், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. ஒப்புகை அட்டை ஐந்தாம் நாளே வந்தது. அதாவது மனு போய்ச் சேர்ந்தது, ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார், அதோடு அந்த அலுவலகத்தின் சுறுசுறுப்பு தீர்ந்தது. மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஒரே வரியை அடிக்கோடிட்டேன்: நீல நிறக் கோலி ஒன்று என்னுடையதல்ல, ஆடி மாதத்துக்குள் உரியவரிடம் சேர வேண்டும்.

மலைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சந்தைக்கு வரும்போதெல்லாம் "பதில் வந்துச்சாங்க?" என்று கேட்பார். மாசி வரைக்கும் கேட்டார். பங்குனியில் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆடி பிறந்தது. தையல்காரரும் டீச்சரும் தங்களிடம் இருந்ததில் சிறந்தவற்றை எடுத்துக்கொண்டு என்னோடு வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். டீச்சர், தான் யாருக்கும் இரவல்கூடத் தராத சிவப்பு முறுக்குக் கோலியைக் கொண்டுவந்திருந்தார். மலைக்காரர் வீட்டு வாசலில் கறுப்புத் துணியை விரித்தோம். விதைக் கூடை தயாராக இருந்தது.

அவர் மனைவி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒரு கோலிய வெச்சிக்கத் தெரியல. இவருதான் தாலுகா ரெக்கார்டு மொத்தமும் வெச்சிகினு கீறாராம்."

"தே, சும்மா இரு" என்றார் கணவர்.

"சொல்லட்டும். சரியாகத்தான் சொல்கிறார்" என்றேன்.

"எது புடிச்சிருக்கோ எடுத்துக்கோங்கம்மா" என்று டீச்சர் சிவப்புக் கோலியை முன்னால் தள்ளினார். அந்த அம்மாள் அதைத் தொட்டுவிட்டு வைத்தார். கடைசியில் எடுத்தது தையல்காரர் வைத்திருந்த, உடைந்த சோடா பாட்டிலின் பச்சைக் கோலியை. தொப்புளும் கிடையாது, முறுக்கும் கிடையாது.

"இதுதான் கனமா கீது. மத்ததெல்லாம் நீங்களே வெச்சிப் பாத்துகினு இருங்க."

அதைக் கூடைக்குள் போட்டார். உடனே வெளியே எடுத்து ஓரமாக வைத்தார். கணவர் சாமையை அளந்தார். அளந்து முடிக்கும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்த பிறகு, "சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு என் மனுவுக்குப் பதில் வந்தது. பழுப்பு உறை, கோப்பு எண், 'பார்வை' என்ற இடத்தில் என்னுடைய கடிதங்கள் அத்தனையும் தேதிவாரியாக. கீழே ஒரே வாக்கியம்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' தபால்காரரிடம் நான் அதைக் கையெழுத்திட்டு வாங்கியது ஆவணி மாதம் இரண்டாம் தேதி.