வலையை மறந்தவர் அண்ணன் அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் கூட்டாளிகளுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசிப் பழக்கமில்லை. முதல் வருட நினைவு மலருக்கு நீங்களும் எழுத வேண்டும் என்று அண்ணன் மகன் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

அண்ணன் மாரியூரில் பிறந்தார். எங்களைப் பெற்ற அய்யாவின் கடல் வருமானம் போதாமல், மீசை அரும்பும் முன்பே ராமநாதபுரத்தில் லாரி பட்டறைக்கு வேலைக்குப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு தொண்டிக்கு வந்து, வீட்டுக் கொல்லையிலேயே சொந்தப் பட்டறை போட்டார். விசைப்படகு இன்ஜினில் உப்பேறி இறுகிப்போன பேரிங்குகள் அவரிடம்தான் வரும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் பேரிங் மாட்டியிருக்கும் தண்டு வளைந்துவிடும். அதனால் பழைய சேனல் இரும்பைச் சட்டமாகப் பற்றவைத்து, நடுவில் லாரி ஜாக்கியை நிறுத்தி, அவரே ஒரு பிரஸ் செய்தார். ஜாக்கிக் கம்பியை ஏற்றி இறக்கினால் எண்ணெய் அழுத்தத்தில் எப்பேர்ப்பட்ட இறுக்கமும் விட்டுக்கொடுக்கும்.

சில நேரம் அழுத்தம் தாங்காமல் பேரிங் வெடித்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். இரும்புத் தடுப்பு செய்ய அப்போது வசதி இல்லை. கிழிந்த இழுவை வலையைக் கனமாக மடித்து, பிரஸ்ஸுக்கு முன்னால் கொக்கியில் தொங்கவிடுவார். சில்லு தெறித்தால் வலை வாங்கிக்கொள்ளும். அவர் பின்பக்கம் பலகைத் தடுப்புக்குள் நின்று கம்பியை அழுத்துவார். அங்கிருந்து முன்பக்கம் தெரியாது.

என் வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டியவர். அந்த விபத்து நடந்த அன்றைக்குப் பிரஸ்ஸில் ஏறியிருந்தது அவர் படகின் பேரிங். அண்ணன் வலையைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் சாப்பிட உள்ளே போனார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதே கொல்லையில் நான் சூடைக் கருவாடு காயப்போட்டிருந்தேன். காக்காய்த் தொல்லை தாங்கவில்லை. கொக்கியில் இருந்த வலையை எடுத்துக் கருவாட்டின் மேல் போர்த்தினேன். அண்ணன் சாப்பிட்டு வருவதற்குள் திருப்பி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். உலை வைத்தது ஞாபகம் வந்து, இரண்டு தெரு தள்ளி இருந்த என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அண்ணன் சாப்பிட்டுவிட்டு நேரே பின்பக்கம் போய் வேலையைத் தொடங்கிவிட்டார். அப்போது வந்த என் வீட்டுக்காரர், பேரிங் நகர்கிறதா என்று பார்க்க முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். வலை இல்லாததால் பார்க்க வசதியாக இருந்திருக்கிறது.

அந்தச் சத்தம் என் அடுப்படி வரை கேட்டது. இப்போதும் ரோட்டில் டயர் வெடித்தால் என் கை தானாகப் போய் வலது கண்ணைப் பொத்திக்கொள்கிறது. அவருக்குப் போனது வலது கண்.

நான் ஓடிவந்தபோது அவரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கருவாட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாரும் வேனைச் சுற்றி நிற்கும்போதே வலையை உருவிப் பட்டறை மூலையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மாட்ட மறந்துட்டேன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத தாயி. தெரிஞ்சா ஒன்னய வச்சு வாழ மாட்டாக."

நான் திறக்கவில்லை.

மாப்பிள்ளை கண்ணைப் பிடுங்கினவன் என்று என் மாமியார் வீட்டார் அண்ணனைச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அவர் வாசலை மிதிக்கவில்லை, என்னையும் மிதிக்க விடவில்லை. கோயிலில் எதிரே பார்த்தால் அண்ணன் தலையைக் குனிந்து ஒதுங்கி வழிவிடுவார். அவர் மகன் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. என் வீட்டுக்காரர் உண்மை தெரியாமலே கண்மூடினார். தலைமாட்டிலேயே இருந்தும் நான் சொல்லவில்லை.

அதன்பின் நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வேறு பிரஸ் இருந்தது. முன்னால் தடித்த இரும்புக் கதவு. அதைச் சாத்தினால்தான் கம்பியைச் செருக முடியும்படி செய்திருந்தார். கம்பி இறுகினால் அதில் பைப்பை மாட்டி நீட்டி அழுத்த யாரையும் விடமாட்டார், அழுத்தம் அளவு மீறிவிடும் என்பார். அப்படியும் கதவுக்கு முன்னால் ஒரு வலை தொங்கும். கம்பியில் கை வைக்கும் முன் சுற்றி வந்து வலையைத் தொட்டுப் பார்ப்பார். திரும்பிப் போவார், மறுபடி வந்து தொடுவார். படகுக்காரர் ஒருவர், "என்னண்ணே, தடவிக் குடுத்தாத்தான் பேரிங் கழலுமோ?" என்று கேலி செய்தார். அண்ணன் சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் அவர் கை போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"வலை கெடக்கா?" என்று கேட்பார்.

"கெடக்குண்ணே" என்பேன்.

ஐயா கடலுக்குப் போகிறவரா என்று நர்ஸம்மா கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அப்போதும் பொய்தான் வந்தது.

அண்ணனை இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய படகுக்காரர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் நாங்கள் என்றும் நன்றியுடன் இருப்போம்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அண்ணன் மகன், "அப்பாவே சொல்லாமப் போயிட்டாரு. இத அச்சுல போடணுமா அத்தை?" என்றான்.

"போடுய்யா. எனக்காக வாயப் பொத்திக்கிட்டு இருந்த ஒங்கப்பாவும் போயிட்டாக."

என் மாமியார் வீட்டுச் சொந்தங்களே, உங்களுக்கு மட்டும் இந்த மலரைத் திதிக்குப் பத்து நாள் முன்பே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வர வேண்டும். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் நான் அடுப்படியிலேயே இருந்துகொள்கிறேன். அண்ணன் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போங்கள்.