மருந்து போடாத முயல்

அண்ணன் குவைத்திலிருந்து ஊன்றுகோலோடு திரும்பிய சமயத்தில்தான் என் முயல்கள் என்னைக் குழப்ப ஆரம்பித்தன.

நான் அப்போது திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, முன்னங்கால் எலும்பில் ஒரு சிறு துண்டை எடுத்துவிடுவோம். சில முயல்களுக்கு அந்த இடைவெளியில், மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை வைப்போம். மற்றவற்றுக்கு ஒன்றும் வைக்காமல் தைத்துவிடுவோம். பிறகு ஸ்கேன் எடுத்து எலும்பு வளர்கிறதா என்று பார்ப்போம்.

அண்ணன் குவைத்தில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். தகடு வைத்தும் கால் எலும்பு சேரவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துக் காலில் வைக்க வேண்டும் என்று திருப்பதி டாக்டர் சொன்னதும், நேராக என் ஆய்வகத்துக்கு வந்துவிட்டான்.

"இடுப்ப வேற எதுக்கு அறுக்கணும்? நீதான் எலும்பு வளக்கற மருந்து பண்ணிக்கினு கீறியே. அத எனக்குப் போடு."

அன்று காலைதான் ஸ்கேன் படங்கள் வந்திருந்தன. இரண்டைக் கம்ப்யூட்டரில் காட்டினேன்.

"இதுல எது மருந்து போட்டது?" என்றான்.

"இந்தப் பக்கம் இருக்கறது."

"அதுலதான ஓட்டை கீது?"

"ஆமாண்ணா."

"அந்தப் பக்கத்துக்கு என்னா போட்ட?"

"ஒண்ணும் போடல."

"அப்போ அந்தப் போடாத மருந்தையே எனக்குப் போடு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முயல்களை மாற்றிக் குறித்துவிட்டேனோ என்று பயந்து விலங்குக் கூடத்துக்கு ஓடினேன். காதில் குத்திய எண்கள் சரியாகவே இருந்தன.

என் ஆய்வு வழிகாட்டி ஒரு தெலுங்கு மேடம். மறுபடி பார் என்று தெலுங்கில், "மள்ளி சூடம்மா" என்றார். மறுபடி பார்த்தேன். செல் வைத்ததில் சில சேர்ந்திருந்தன, சில சேரவில்லை. வைக்காததிலும் அப்படியே.

"நாம எடுத்த துண்டு ரொம்பச் சின்னதா இருக்கலாம்" என்று எனக்காகத் தமிழில் சொன்னார். "சின்ன இடைவெளின்னா தானாவே மூடிக்கும்."

"அப்போ செல் வேலை செய்யுதா இல்லையா மேடம்?"

"இதை வெச்சு எனக்கும் சொல்லத் தெரியல."

பலன் தெரியாததை மனிதருக்குப் போட முடியாது என்று அண்ணனிடம் சொன்னேன். "பின்ன இத்தினி வருசம் என்னாத்துக்குப் படிச்ச?" என்று கோபித்துக்கொண்டான். ஆனாலும் ஆபரேஷனுக்குச் சேர்ந்தான். வார்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம், அவனிடம் சொன்னது சரிதானா என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது.

சில மாதங்களில் எலும்பு சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முறிந்த இடத்தில் வெள்ளையாகப் பாலம் போட்டிருந்தது. சந்தோஷத்தோடு ஏனோ பொறாமை போலவும் ஒன்று வந்தது.

செல் வைத்த முயல்களுக்கும் வைக்காத முயல்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றே ஆய்வேட்டில் எழுதினேன். வழிகாட்டி ஒரு வரியையும் மாற்றவில்லை. பெரிய இடைவெளி வைத்து மறுபடி தொடங்கலாம் என்றார்.

அதற்குள் எங்கள் ஊர் பிச்சாட்டூரில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா கடைத்தெரு முழுக்க, என் மருந்தால்தான் பையன் நடக்கிறான் என்று சொல்லிவிட்டிருந்தார்.

"என் மருந்து இல்ல நைனா. அது அண்ணனோட இடுப்பு எலும்பு."

"அது சேரும்னு மொதல்ல யாரு கண்டுபுடிச்சாங்க?"

"யாரோ. எப்பவோ."

"உன்னாட்டம் படிச்சவங்கதான? அப்புறம் என்னா?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துத் தெரு அக்கா, தன் வீட்டுக்காரரின் முழங்கால் எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.